அடைப்புக்குறிக்குள் மூன்று எண்கள்

இல்லைக்கா, கல்யாண வீட்டுக்கு இல்லை. பட்டுச்சேலையும் பூவுமாக ஒருத்தி பகல் பதினொரு மணி பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள், தப்பில்லை. கோவில்பட்டியில் ஏறும்போது கண்டக்டர் அண்ணன்கூட "மண்டபம் எந்த ஸ்டாப்பும்மா?" என்றுதான் கேட்டார். மதுரையில் எனக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு. இயற்பியல் ஆராய்ச்சிக்கு. ஃபிசிக்ஸ்க்கா, ஃபிசிக்ஸ்.

மூஞ்சியில் சந்தோஷத்தைக் காணோமே என்கிறீங்க. எப்படி இருக்கும்? ஐந்து வருஷம் ஒரே லேப், ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே தட்டு என்று இருந்த ஒருத்தி எனக்குத் துரோகம் செய்துவிட்டாள். துரோகம் என்பது பெரிய வார்த்தை. எனக்குத் தெரியும். யோசித்துத்தான் சொல்கிறேன். நான் எதையும் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவள் இல்லை. ஹாஸ்டலில் என்னை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் இறங்குகிற திருமங்கலம் வர இன்னும் நேரம் இருக்கிறதே, நீங்களே கேட்டு நீங்களே சொல்லுங்க.

அவள் பேர் பெனிட்டா. தூத்துக்குடிக்காரி. நான் இசக்கியம்மாள், இந்தக் கோவில்பட்டிதான். இரண்டு பேரும் ஒரே நாளில் பிஹெச்.டி-க்குச் சேர்ந்தோம். எங்கள் கைடு தனுஷ்கோடி சார். கைடு என்றால் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். வழி காட்டுவாரோ மாட்டாரோ, கையெழுத்து அவர்தான் போட வேண்டும்.

நாங்கள் என்ன செய்வோம் என்றால், கல் வளர்ப்போம். சிரிக்காதீங்க. எங்கள் பக்கத்தில் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவர்களில் பாதிப்பேர் கல் வளர்க்கிறவர்கள்தான். ஒரு உப்பைத் தண்ணீரில் கரைத்து, பீக்கரை மூடி, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு அசைக்காமல் வைத்துவிட வேண்டும். இருபது நாள் கழித்துப் பார்த்தால் அடியில் கற்கண்டு மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த இருபது நாளும் பக்கத்தில் போய்த் தும்மக்கூட மாட்டோம். பெனிட்டா பீக்கரைப் பார்த்துச் செபம் சொல்லுவாள். நான் வைவேன். இரண்டுக்கும் கல் ஒரே மாதிரிதான் வளர்ந்தது.

அப்புறம் அந்தக் கல்லை ஒரு சின்ன அடுப்பில் வைத்துச் சூடாக்கி, மெள்ள ஆறவிட்டு, ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் அது எவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வசதியான லேப்களில் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும். எங்கள் மீட்டரைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற பெட்டி நான் சேர்வதற்கு முன்பே செத்துப்போனது. ஆகையால் இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தி மீட்டர் முன்னால் நின்று வாசிக்கணும், ஒருத்தி உட்கார்ந்து நோட்டில் எழுதணும்.

நான்தான் வாசிப்பேன். அவள் எழுதுவாள். என் கையெழுத்தை ஒரு வாரம் கழித்து எனக்கே படிக்க வராது. அவளுக்கோ மீட்டரில் எரிகிற சிவப்பு எண்கள் கண்ணாடி போட்டாலும் இரண்டு இரண்டாகத் தெரியும். அதனால் அப்படி அமைந்துபோனது. ஐந்து வருஷமும் அப்படியே.

இப்போ நீங்களே யோசிங்க. எது கஷ்டம்? நிற்கிறதா, உட்கார்கிறதா? கண் இமைக்காமல் எட்டு மணி நேரம் நின்று வாசித்தது நான். தொண்டை வறண்டு போகும். ஆனால் நோட்டைத் திறந்து பாருங்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவள் கையெழுத்து. முத்து முத்தாக. என் குரல் எங்கே இருக்கிறது அந்த நோட்டில்? தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்றீங்க இல்லையா, குச்சிக்கு மருந்து முக்குகிறவள் பேரையா பெட்டியில் போடுகிறார்கள்? அந்த மாதிரிதான்.

சாத்தூர் வந்துவிட்டது. வெள்ளரிக்காய் வாங்கட்டுமா? வேண்டாமா? சரி. எனக்கும் சேலையில் மிளகாய்ப்பொடி பட்டுவிடும்.

எங்கே விட்டேன்? ஆங், லிஃப்ட். இன்னும் சொல்லவே இல்லையோ? எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு வழக்கம் உண்டு. லேப்புக்கும் லிஃப்டுக்கும் ஒரே மின்சார லைன். லிஃப்ட் ஓடினால் மீட்டரில் எண் துள்ளும். துள்ளினால் வாசிக்கிறவள் "லிஃப்ட்" என்று சொல்லிவிடணும், எழுதுகிறவள் அந்த எண்ணை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடணும். சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்கள். நாங்கள் மெஸ்ஸில் சாம்பார் உப்புக் கரித்தால்கூட "லிஃப்ட், விடு" என்போம். லேப்பில் ஒருத்திக்குக் காதல் வந்தபோதும் அதைத்தான் சொன்னோம். அவள் கேட்கவில்லை, கல்யாணம் செய்துகொண்டாள்.

போன வருஷம் மார்ச் மாதம். புதுக் கல். காலையிலிருந்து ஆறவிட்டுக்கொண்டிருக்கிறோம். கோடு மாதிரி வருகிறது, ஒரு பிசிறு இல்லை. நான் வாசிக்கிறேன். "அறுபத்திரண்டு டிகிரி, நூற்றுப் பதினாலு." எழுதினாள். "அறுபத்தொன்று, நூற்று எண்பத்தேழு."

"எத்தனை?" என்றாள்.

"லிஃப்ட். விடு."

"அறுபது?"

"நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. லிஃப்டுதான், எழுதாத."

"ஏட்டி, ஒரு டிகிரி இறங்க ரெண்டு நிமிஷம் ஆகும். ஒரு லிஃப்ட் இவ்வளவு நேரமா ஓடும்?"

"எம்.எஸ்ஸி. பிள்ளைங்களுக்குப் பிரிவு விழா. மேலயும் கீழயும் ஏறி இறங்கிட்டுக் கிடக்காங்க. ஐம்பத்தொன்பது, நூற்று எண்பது. எழுதாதட்டி, கோடு அசிங்கமாயிரும்."

ஐம்பத்தெட்டில் எண் பழையபடி இறங்கிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு. நான் சொன்னேன், பார்த்தியா, போயிருச்சு என்று. அவள் தலையை ஆட்டினாள்.

எழுதாதே என்றுதான் சொன்னேன். மறைக்கவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், எங்கள் டிபார்ட்மெண்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க. ஆனால் அவள் எழுதியிருக்கிறாள்! மூன்று எண்களையும். ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் "இ. - லிஃப்ட்" என்று. இ. என்றால் நான். பக்கத்தில் நின்றுகொண்டு ஒருத்தி எழுதாதே என்று சொல்கிறேன், தலையை ஆட்டிக்கொண்டே எழுதுகிறாள் என்றால் அதற்கு என்ன பேர்? நம்பிக்கையா?

இன்னொரு சின்ன விஷயம். சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் வேறு யார் மூலமாவது கேள்விப்பட்டு இசக்கி மறைத்துவிட்டாள் என்று நினைக்கக் கூடாது. அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. ஒரு வாரமாக ரிப்பேர். கதவில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அந்த அடுப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினதே நானும் அவளும்தான். வழியெல்லாம் லிஃப்டைத் திட்டிக்கொண்டே ஏறினேன். ஆனால் வாய்ப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? துள்ளினால் லிஃப்ட். அது யோசித்துச் சொல்கிறதா? தடுக்கினால் அம்மா என்கிற மாதிரி.

மறுநாள் என் அக்காவுக்கு வளைகாப்பு. நாலு நாள் ஊருக்கு வந்துவிட்டேன். அந்த நாலு நாளும் பெனிட்டா தனியாக உட்கார்ந்து அதே கல்லைத் திரும்பத் திரும்ப ஆறவிட்டுப் பார்த்திருக்கிறாள். அவளே வாசித்து, அவளே எழுதி. கண் தெரியாது என்று சொன்னவள்! மீட்டருக்கு முன்னால் பூதக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். நாலாம் நாள் போன் செய்தாள். நான் வாசலில் கட்டியிருந்த மாவிலையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏ இசக்கி, கல்லு துள்ளுதுட்டி. அறுபத்தொண்ணுலதான். நாலு தடவையும் அங்கனதான். கரண்டு இல்லட்டி, கல்லுதான்!"

அழுதாள். சத்தியமாக அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். நீங்களே சொல்லுங்க, நான் இல்லாத நாலு நாளைப் பார்த்தா செய்வது?

அந்தச் சூட்டில் கல்லுக்குள்ளே இருக்கிறதெல்லாம் இடம் மாறி வேறு மாதிரி அடுக்கிக்கொள்கிறது. இந்த உப்பில் அப்படி நடக்கும் என்று அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. திரும்பி வந்து நானும் அவளும் சேர்ந்து பதினோரு தடவை பார்த்தோம். பதினோரு தடவையும் வாசித்தது நான். கட்டுரை வெளியானது. பெனிட்டா, இசக்கியம்மாள், தனுஷ்கோடி என்று மூன்று பேர் பேர். எங்கெங்கேயோ இருந்து சாருக்குக் கடிதம் வந்தது. சார் எங்கள் இரண்டு பேருக்கும் கேன்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் பஜ்ஜி. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் இந்த விருது. தென்மண்டல இயற்பியல் பேரவை என்று ஒன்று. முப்பது வயதுக்குள் இருக்கிறவர்களில் வருஷத்துக்கு ஒருத்தருக்குக் கொடுப்பார்கள். ஒருத்தருக்குத்தான், இரண்டு பேர் பேரைச் சேர்த்து அனுப்ப முடியாது. வாங்கினவர்களை ஜப்பானில் ஒரு பெரிய லேப் ஒரு வருஷத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளும். அங்கே போய்விட்டு வந்தால் வேலை தேடி வரும். இல்லை என்றால் தனியார் காலேஜில் காலை ஒன்பது மணிக்குக் கைரேகை வைத்துவிட்டு அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கப் போகணும். எங்கள் சீனியர்கள் அத்தனை பேரும் இப்போ அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அது வந்தே ஆகணும் என்று இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

சார் பெனிட்டா பேரை அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அதற்குக் கீழே நாற்பது பேர் ரோஜாப்பூ போட்டிருந்தார்கள்.

நேராக சார் அறைக்குப் போனேன். "சார், கண்ணால முதல்ல பார்த்தது நான். அவ எழுதினா, அவ்வளவுதான்."

"அவதானம்மா திரும்பச் செஞ்சு பார்த்தா."

"நான் பார்க்காம இருந்தா அவ எதைத் திரும்பச் செஞ்சிருப்பா? கப்பல்ல பாய்மரத்து மேல நிக்கிறவன்தானே சார் முதல்ல கரையைப் பார்க்கிறான்? கீழ உக்காந்து எழுதுறவனா பார்க்கிறான்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல நிக்கிறவன் அதைப் பார்த்து மேகம்னு சொல்லிட்டா என்னம்மா செய்யிறது?" என்றார்.

அவர் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் இருக்கிற பொடி எழுத்தையும் பார்த்திருக்கிறார். யார் காட்டியிருப்பார்கள்? விண்ணப்பத்தோடு நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைக்கணும் என்பது விதியாம், அதனால் பார்த்தாராம். விதி! அந்த ஓரத்தை மறைத்து நகல் எடுக்க முடியாதா? ஐந்து வருஷம் பழகினவளுக்கு அது தோன்றாதா?

பெனிட்டா அன்றைக்குச் சாயங்காலம் மக்ரூன் டப்பாவோடு அறைக்கு வந்தாள். ஊரிலிருந்து அவள் அப்பா கொடுத்துவிட்டது. நான் தொடவில்லை. "மேடையில உன் பேரைச் சொல்லுதேன்ட்டி, நீ இல்லாம இது இல்லன்னு சொல்லுதேன்" என்றாள்.

"எப்படிச் சொல்லுவ?"

"இசக்கி வாசிச்சா, நான் எழுதினேன்னு."

"அப்படி வேண்டாம். கண்டுபிடிச்சது இசக்கின்னு சொல்லு. முதல்ல பார்த்தது நான்தான?"

கொஞ்ச நேரம் மக்ரூன் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சொல்லுதேன். ஆனா எழுதாதன்னு நீ சொன்னதையும் சேர்த்துச் சொல்லணும்லா."

பார்த்தீங்களா? மிரட்டல்! குரல் என்னவோ மெதுவாகத்தான் இருந்தது. அவள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன? நீ வாயைத் திறந்தால் நானும் திறப்பேன் என்பதுதானே? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆத்திரத்தில்தான் பேரவைக்கு எழுதினேன். நாலு பக்கம். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. எட்டு மணி நேரம் நிற்கிறது, வாசிப்பவர் குரல் நோட்டில் பதிவதில்லை, கையெழுத்தைப் பார்த்து உழைப்பை அளக்கிற அநியாயம், எல்லாம் எழுதினேன். படித்தால் உங்களுக்கே கண்ணீர் வரும். அதில் ஒரே ஒரு வரிதான்... "மேற்படி மூன்று எண்களையும் அடைப்புக்குறிக்குள் குறித்து வைக்குமாறு நானே கூறினேன்." அப்படி ஒரு வரி.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? பொய்யா அது? அவசரப்படாதீங்க. தர்க்கமாக யோசிங்க. அவள் ஏன் அடைப்புக்குறி போட்டாள்? நான் எழுதாதே என்று சொன்னதால். நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் மற்ற எண்களைப் போலச் சும்மா எழுதிவிட்டுப் போயிருப்பாள். நூறு எண்ணோடு அதுவும் மூன்றாகக் கிடந்திருக்கும். அடைப்புக்குறி இருந்ததால்தான் கண்ணை உறுத்தியது. உறுத்தியதால்தான் திரும்பச் செய்தாள். ஆக அடைப்புக்குறிக்குக் காரணம் யார்? நான். காரணமாக இருந்தேன் என்பதைக் கூறினேன் என்று எழுதினேன். நாலு பக்கத்தில் ஒரு சொல். அவ்வளவுதான் வித்தியாசம்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். எங்கள் டிபார்ட்மெண்ட் கருத்தரங்கு அறையிலேயே வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நானும் பெனிட்டாவும், ஓரத்தில் தனுஷ்கோடி சார். தலைவர் ரிட்டயர்டு பேராசிரியர். நிதானமாகப் பேசினார். நோட்டு அவர் முன்னால் திறந்து இருந்தது.

"அம்மா, இந்த மூணு எண்ணையும் எழுதி வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மீட்டர் வாசித்துப் பழகின தொண்டை.

"அப்போ ஓரத்தில 'லிஃப்ட்'னு இருக்கே, அது என்ன?"

அக்கா, நான் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன், அது ஒன்றைத் தவிர. சார் அதைப் பார்த்து என்ன சொன்னார் என்பது ஆத்திரத்தில் மறந்துபோய், அந்தப் பொடி எழுத்தை நான் இருந்ததற்கு அத்தாட்சி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். என் பேரின் முதல் எழுத்து நோட்டில் இருக்கிற ஒரே இடம் அது. நகல் எடுத்து அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு நானேதான் அனுப்பியிருந்தேன்.

தலைவர் பெனிட்டா பக்கம் திரும்பினார். "நீங்கதானே எழுதினீங்க? நீங்க சொல்லுங்க."

பெனிட்டா என்னைப் பார்த்தாள். அப்புறம் நோட்டைப் பார்த்தாள். "இசக்கி சொன்னா சார், லிஃப்ட் ஓடுதா இல்லையான்னு போய்ப் பார்த்துட்டு வா, ஓடலைன்னா எண்ணை விட்டுராத, குறிச்சு வைன்னு. நான் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் ரிப்பேர். அதனால குறிச்சேன்."

தனுஷ்கோடி சார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மூவரில் ஒருவராக இருந்த அம்மா, "அப்படின்னா முதல்ல சந்தேகப்பட்டது இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு நல்ல சிரிப்பு. தலைவர் பெனிட்டாவிடம் கேட்டார்: "நீங்க இப்படிச் சொன்னா விருது உங்களுக்கு வராதும்மா, தெரியும்ல?"

"தெரியும் சார்" என்றாள்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எதுக்குட்டி அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"போய்ப் பாருன்னு நான் எப்ப சொன்னேன்? குறிச்சு வைன்னு நான் எப்ப சொன்னேன்?"

"இப்பத்தான உள்ள சொன்ன. மூணு பேருக்கு முன்னால." என் கையைத் தன் கையிலிருந்து எடுத்தாள். கோபமாக இல்லை. பீக்கரிலிருந்து கல்லை எடுப்போம் இல்லையா, நகம் படாமல், அப்படி எடுத்தாள். "நீ வாசிக்கதைத்தான நான் எழுதுவேன் எப்பவும். ஒரே ஒரு தடவைதான் மாத்தி எழுதினேன், அதுக்கு நாலு பக்கம் எழுதிட்ட." இரண்டு படி இறங்கினாள். பிறகு நின்று, "நாளையிலேருந்து ரீடிங்குக்கு வேற பிள்ளையைப் பார்த்துக்கிடுதேன்" என்றாள்.

இதுதான் துரோகம். இப்போது புரிகிறதா? புரியவில்லையா? விருதை விட்டுக்கொடுத்தவள் எப்படித் துரோகியாவாள் என்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் செய்தாள்! யோசிச்சுப் பாருங்க. அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். மேல்முறையீடு செய்திருப்பேன். வாய்ப்பழக்கம் என்று வாதாடியிருப்பேன், தோற்றிருந்தாலும் என் பக்கம் பேச நான் இருந்திருப்பேன். அவள் என் பொய்யை வாங்கித் தன் வாயால் சொல்லி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். இனி நான் யாரிடம் போய் வாதாடுவது? ஜெயித்தவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் அக்கா. ஒரு சொல்லாக இருந்தது. அதை ஒரு கதையாக்கி, போய்ப் பார்த்தேன், ரிப்பேர், குறித்தேன் என்று கைகால் வைத்து, காலம் முழுக்க நான் தூக்கிச் சுமக்கிற மாதிரி கொடுத்துவிட்டாள்.

அவள் நிஜமாகவே போய்ப் பார்த்திருக்கிறாள், தெரியுமா? அன்றைக்கு நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில். லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்களா, கதவில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறதா என்று. யாரும் சொல்லாமல். அது மட்டும் நிஜம்.

இதில் என்ன செய்வது சொல்லுங்க. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். ஒரு ராத்திரி அல்ல, ஒரு மாசம் யோசித்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் விசாரணையில் பொய் சொன்னவர்கள் என்று இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்குவார்கள். அவளையும் சேர்த்து. ஆக நான் வாங்கிக்கொள்வது அவளுக்காகவும்தான். இந்தக் கோணத்தில் யாரும் பார்க்கிறதில்லை.

விருதுநகர் தாண்டிவிட்டதா? சொல்லவே இல்லையே.

அம்மா வரவில்லையா என்கிறீங்க. அதை ஏன் கேட்கிறீங்க. நேற்று அம்மா எனக்குச் சேலை எடுத்து வைத்துக்கொண்டே, "அந்தத் தூத்துக்குடிப் பிள்ளை எத்தனை மணிக்கு வருது? அதுவும் நம்மளோடதானே பஸ் ஏறும்?" என்றாள். பெனிட்டா வந்தால் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தோசை விழும். நான் என்ன சொல்ல? "அவளுக்குக் காய்ச்சல்மா, ஊர்ல வீட்டுலதான் கிடக்கா, எந்திரிக்க முடியலையாம்" என்றேன். வாயில் வந்தது அது. காலையில் பார்க்கிறேன், அம்மா ரசம் வைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "விருது உனக்கு இன்னொண்ணு வரும்ட்டி. காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளையை யாரு பார்ப்பா?" என்று தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டாள். நான் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள். பெனிட்டா கதவைத் திறந்திருப்பாள். நல்ல உடம்போடு.

போன் வரும் என்றுதான் கையில் வைத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. அவள் ரசத்தை வாங்கி வைத்துக்கொண்டு, காய்ச்சல் இப்போதான் விட்டது அம்மா என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. சொல்லுவாள். அவள் சொல்லுவாள்.

ஒன்று கேட்கட்டுமா? விருது வாங்குகிறவர்களுடைய குடும்பத்துக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். நேற்று போன் செய்து பேர் கேட்டார்கள், நான் "குடும்பத்தார்" என்று மட்டும் ஒட்டச் சொன்னேன். இரண்டும் காலியாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? போட்டோ எடுப்பார்கள். நீங்கள் திருமங்கலத்தில் உங்கள் தங்கச்சி வீட்டுக்குத்தானே போறீங்க, சாயங்காலம் போனால் என்ன? என்னோடு மதுரைக்கு வாங்களேன். டிக்கெட் நான் எடுக்கிறேன். யாராவது கேட்டால் சித்தி என்று சொல்லிக்கலாம். ஒன்றும் செய்ய வேண்டாம், நான் மேடை ஏறும்போது கை தட்டினால் போதும். இரண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். "அந்த எண்கள் துள்ளியபோது அவற்றை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை" என்று ஆரம்பிக்கிறது. நன்றாக இருக்கிறதா?

ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கவில்லையா? சரி.

நான் மேடையில் நின்று அதைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்க. கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகம் எது இருக்கும்? உங்கள் முகம்தான். உங்களைப் பார்த்துத்தான் பேசணும். கோவில்பட்டியிலிருந்து இவ்வளவு நேரம் நான் உங்களிடம் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று இப்போதான் எண்ணிப் பார்க்கிறேன். பெனிட்டாவுக்குத் தெரியும். சாருக்குத் தெரியும். மூணாவதாக ஒருத்தருக்குத் தெரியணும் என்று நான்தானே, யாரும் கேட்காமல்...

வேண்டாம்க்கா. நீங்கள் வர வேண்டாம். தங்கச்சி காத்துக்கொண்டிருப்பாள், பாவம். நாற்காலி காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். அதோ திருமங்கலம் பாலம் தெரிகிறது, எந்திரிங்க, பையை எடுத்துக்கோங்க. ஸ்டாண்டுக்குள் போனால் நேரமாகும், இங்கேயே இறங்கிக்கலாம்.

அண்ணே, கண்டக்டர் அண்ணே, விசில் அடிங்க. இங்க ஒரு ஆள் இறங்கணும்.